மூடிக்குச் சட்டி தேடிய அக்கா

பிள்ளைகளா, ஞாயிற்றுக்கிழமை நான் மீன் செய்யும்போது கரண்டியை எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறேன் என்று நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். "கிண்டாம எப்பிடிப்பா கொழம்பு வேகும்?" என்று சின்னவன் கேட்கிறான். அது குழம்பே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். பெரியவள் இன்னொன்றைக் கவனித்திருக்கிறாள். உப்பு பத்தவில்லை என்று நீங்கள் குறை சொன்னால் எனக்குக் கோபம் வராமல் சிரிப்பு வருகிறதாம். ஏன் என்று கேட்டாள். அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாம் களம்பூருக்குக் குடிவருவதற்கு முன்னால் சேவூரில் இருந்தோம். நான் அப்போது ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் வேலை பார்த்தேன். தறி வைத்திருக்கும் வீடுகளுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நெய்து முடித்த புடவையை வாங்கிவந்து முதலாளியிடம் சேர்க்க வேண்டும். அப்படி நான் போய்வந்த வீடுகளில் ஒன்று அந்த அக்காவுடையது. எங்கள் தெருவிலேயே, மாதா கோயிலுக்குத் திரும்பும் முனையில் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதிக்கும் குழித்தறியில் பட்டு நெய்பவர். வீட்டில் அண்ணனின் தங்கையும் இருந்தார். நான்காவது ஆள், மகள் ஸ்டெல்லா.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது ஸ்டெல்லாவுக்குப் பால் பல் விழவில்லை. திரும்பி வந்தபோது அவள் அக்காவின் காதளவு வளர்ந்திருந்தாள். நடுவில் ஓரிரு முறை விடுமுறைக்கு வந்து போனதெல்லாம் கணக்கில் வராது. அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்து வளர்த்தவர் அண்ணனின் தங்கை, அவளுடைய அத்தைதான்.

அக்கா திரும்பி வந்த அன்று நானும் பெட்டி இறக்கப் போயிருந்தேன். எல்லோரும் குவைத்திலிருந்து தங்கம், போர்வை, தைலம் என்று கொண்டுவருவார்கள். அக்கா ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்திருந்தார். துண்டுகளையும் பழைய நைட்டிகளையும் பிரித்துப் பிரித்து எடுத்தால், உள்ளே மண்ணால் செய்த கூம்பு மாதிரி ஒன்று. மேலே ஒரு குமிழ். கூடவே ஏழெட்டு ஓட்டுத் துண்டுகள்.

"இன்னா அண்ணி இது, சாம்பிராணி போடறதா?" என்றார் அத்தை.

"மூடி."

"எதுக்கு மூடி?"

"அந்த ஊரு மீன் சட்டிக்கு. சட்டி ஒடஞ்சி பூடுச்சி. மூடி மட்டும் முழுசா வந்துகீது."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். தெருப் பசங்கள் அதைக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் குல்லா என்றார்கள். மறுவாரம் அக்கா மூடியைப் பையில் போட்டுக்கொண்டு, என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆரணிச் சந்தைக்கு வந்தார். சட்டி விற்கிறவரின் முன்னால் உட்கார்ந்து, அடுக்கியிருந்த ஒவ்வொரு சட்டியின் மேலும் மூடியை வைத்து வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, ஜனங்கள்லாம் சட்டிக்கு மூடி தேடுவாங்க. நீ இன்னாம்மா, மூடியத் தூக்கிக்கினு சட்டி தேடறே?" என்றார் கடைக்காரர்.

"கெடைக்கிற வரிக்கும் தேடறேன். நீங்க வியாபாரத்தப் பாருங்க" என்றார் அக்கா. அடிவரிசையில் இருந்த அகலமான மண்சட்டி ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு தெருவில் அவருக்கு 'மூடி அக்கா' என்றே பேர் ஆகிவிட்டது.

இனி அவருடைய குணத்தைச் சொல்கிறேன். அக்கா யாரையும் எதையும் கேட்கமாட்டார். அகம்பாவம் இல்லை. கேட்கும் பழக்கமே அவரிடம் இல்லை. நம் வீடுகளில் சமைத்தவர்கள் என்ன செய்வார்கள்? முதல் வாய் வைப்பதற்குள் "உப்பு பத்துச்சா, காரம் சரியா" என்று கேட்டுவிடுவார்கள். உங்கள் அம்மா கேட்பாள், நானும் கேட்பேன். அக்கா கேட்கமாட்டார். சட்டி அடுப்பில் இருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கவும் மாட்டார். சாப்பிட்டு முடித்தபின் ஒதுக்கிவைத்த முள்ளைப் பார்ப்பார். முள் சுத்தமாக இருந்தால் பிடித்திருக்கிறது. சதை ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்தக் குணத்தால் அவர் பட்ட பாடும் உண்டு. ஒருமுறை வேலூருக்குப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் ஒருவரையும் கேட்காமல் ஏறி, போளூரில் போய் இறங்கினார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவே? உன்னால ஒரே பேஜாரு" என்று அண்ணன் கத்தினார்.

"போளூரும் பாத்தாப்ல ஆச்சு, வுடு" என்றார் அக்கா.

இன்னொரு சமயம், அண்ணன் இல்லாதபோது அக்கா என்னிடம் சொன்னார். "பாஷ தெரியாத வூட்ல யாரக் கேப்பே தம்பி? கேட்டாலும் வர்ற பதிலு புரியாது. பாத்துக்கினே இருக்கணும். அந்தம்மா இன்னா எடுக்குது, எங்க வைக்குது, எதுக்கு மூஞ்சி சுளிக்குது. அப்பிடியே பழகிப் பூடுச்சி."

அந்தம்மா என்று அவர் சொன்னது குவைத்து வீட்டு எஜமானியை. மொராக்கோவில் பிறந்து குவைத்தில் வாழ்க்கைப்பட்டவர். மற்ற நாளெல்லாம் அக்காவுக்குச் சாப்பாடு சமையலறையில், தனித்தட்டில். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தம்மா தானே அடுப்படிக்கு வந்து, தன் ஊர் மீனைச் சமைப்பாராம். அன்று அக்காவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பார். அதைத் தனித்தனித் தட்டில் போட்டுச் சாப்பிடுவதில்லை. சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்தில் இருப்பதை ரொட்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். நல்ல துண்டு தன் பக்கம் இருந்தால், அதை வேண்டியவர் பக்கம் தள்ளிவிடுவது அவர்கள் மரியாதை.

"மொத நாளு வயித்துப் பக்கத்துத் துண்ட என் பக்கம் தள்ளுச்சி தம்பி அந்தம்மா. ஊர வுட்டுப் போன அப்பறம் அன்னிக்கித்தான் நான் வயிறாரச் சாப்ட்டேன்."

அந்தச் சமையலைத்தான் அக்கா சேவூருக்குக் கொண்டுவந்தார். ஆனால் நினைத்த நாளில் செய்ய முடியாது. அந்த வீட்டில் தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு அரைச்சுவர்தான். பட்டு, வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முள்ளிப்பட்டில் ஒரு வீட்டில் தறிக்குப் பக்கத்தில் மீன் வறுத்து, அந்த முகூர்த்தப் புடவை பெண் வீட்டுக்குப் போய் அப்படியே திரும்பி வந்த கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் அண்ணன் வீட்டில் ஒரு சட்டம். தறியில் பாவு இருக்கிறவரை மீன் கிடையாது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல். ஒரு பாவில் சில புடவைகள் நெய்யலாம், ஒரு மாதத்துக்கும் மேல் ஓடும். கடைசிப் புடவையை அறுத்து எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி நான் கொண்டுபோன பிறகுதான் அந்த வீட்டுக்குள் மீன் வரும். பெரும்பாலும் நானே புடவையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, வரும் வழியில் மீன் வாங்கிவருவேன். அதனால் எனக்கும் அங்கே சாப்பாடு உண்டு.

செய்முறையைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, சட்டியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புவார். மீன் அடிபிடிக்காமல் இருக்க அது ஒரு படுக்கை. அதன்மேல் உருளைக்கிழங்கு வட்டங்கள். கொத்தமல்லி, பூண்டு, சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாம் அரைத்து, மீனில் தடவி ஊறவைத்திருப்பார். அதை மேலே அடுக்கி, தக்காளியும் குடைமிளகாயும் மூடுகிற மாதிரி வைப்பார். அந்த ஊரில் ஆலிவ் காய் போடுவார்களாம். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? உப்புத் தண்ணீரில் ஊறிய களாக்காயைப் போட்டார். ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை எண்ணெய். காரம் சேர்க்காமல் உப்பில் மட்டும் ஊறவைத்த எலுமிச்சைத் தோலை ஓரத்தில் சுற்றிவர வைப்பார். ஒரு டம்ளர் தண்ணீர். மூடி. சின்னத் தீ. அதோடு சரி, கரண்டிக்கு வேலையே இல்லை.

அண்ணனுக்கு ரொட்டி பிடிக்காது. "காலம்பறலேர்ந்து தறி மிதிக்கிறவன், ரொட்டியத் தொட்டுத் தின்னா எந்த மூலைக்குப் பத்தும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லோரையும்விட அதிகம் சாப்பிடுவார்.

ஒவ்வொரு முறையும் அக்கா தன் பக்கத்தில் இருக்கும் வயிற்றுத் துண்டை ரொட்டியால் மெல்ல நகர்த்தி ஸ்டெல்லாவின் பக்கம் தள்ளுவார். ஸ்டெல்லா கொஞ்சம் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்பாள். வெளியாள் வீட்டில் சாப்பிட்டால் நாமும் அப்படித்தான் சொல்வோம், இல்லையா? பிறகு கை கழுவப் போய்விடுவாள். உள்ளேயிருந்து, "அத்த, ஜல்தி வந்து தல பின்னி வுடு, டைம் ஆவுது" என்று அவள் குரல் உரிமையோடு கேட்கும். அக்கா அவள் விட்டுப்போன இடத்தைப் பார்ப்பார். அங்கே முள் முழுக்கச் சதை ஒட்டியிருக்கும்.

"ஏன்க்கா, அவ கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாக்கலாமே? ஏன் இப்பிடி ஒதுங்கறேன்னு கேளுங்களேன்" என்று ஒருநாள் நான் சொல்லிவிட்டேன்.

"நான் எங்க போனேன், ஏன் போனேன்னு அது என்னிய ஒரு நாளும் கேக்கல தம்பி. நான் மட்டும் எந்த வாயால கேக்கறது?" என்றார். பிறகு அடுப்படியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அத்தையைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை அக்கா சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். அத்தைக்கு ஆர்வம் தாங்கவில்லை, மூடியைத் திறந்தார். உள்ளே வெளுத்துப்போய், பாதி வெந்தும் வேகாமலும் ஒரு சாறு. அய்யோ, அண்ணி புளி ஊற்ற மறந்துவிட்டாளே என்று பதறி, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி, கரண்டியைப் போட்டு நன்றாகக் கிண்டியும் விட்டார். மீன் கரைந்து, கிழங்கு உடைந்து, கூழாகிவிட்டது. அக்கா திரும்பி வந்து பார்த்தார். 

"சரி, இதுக்குச் சோறுதான். அரிசியக் களை" என்றார்.

அண்ணன் மூன்று முறை சோறு வாங்கி, "இப்பத்தான்டா மீன் கொழம்பு" என்றார். அக்காவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சாப்பிட்டு முடித்தபின் கொல்லையில் உட்கார்ந்து, அந்த மூடியை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை நின்றார். "தெரியாம செஞ்சிட்டேன் அண்ணி" என்றார். "ஸ்டெல்லாவ வளக்கறப்ப, நீ யாரக் கேட்டு வளத்தே? தெரிஞ்சதத்தான செஞ்சே. நல்லாத்தான வளந்துகீது. இது ஒரு சட்டி மீனு" என்றார் அக்கா. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் அம்மாவும் இந்த அக்காவை மறக்கமாட்டாள். பெரியவள் பிறப்பதற்கு முன்னால், வயிற்றில் இருந்த ஒரு குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தெருவே திரண்டு வந்தது. எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் வந்த ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு, எந்த மாசம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். உங்கள் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி வாடிப்போனாள். அக்கா ஒரு முறம் மல்லாட்டையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அம்மாவே எழுந்து, கீழே இறங்கி உட்கார்ந்து தானும் உரித்தாள். முறம் காலியானதும் அக்கா எழுந்து போய்விட்டார். அன்று இரவுதான் உங்கள் அம்மா தூங்கினாள்.

ஸ்டெல்லா பன்னிரண்டாவது முடித்தாள். நர்சிங் படிக்க வேலூரில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். போய்விட்டால் இனி விடுமுறைக்குத்தான் வருவாள். அக்கா விடுமுறைக்கு வந்த மாதிரி. இதை அக்கா வாயால் சொல்லவில்லை. ஆனால் தறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவில் இன்னும் ஒரு முழுப் புடவையும் பாதிப் புடவையும் மிச்சம் இருந்தன. மழைக்காலம் வேறு. குழியில் ஈரம் ஏறி, நூல் கனத்து, தறி சரியாக ஓடாத சமயம்.

"பாவு கெடக்கட்டும், நீ மீனச் செய். கதவத் தொறந்து வச்சிக்கலாம்" என்றார் அண்ணன்.

"அது யாரோ ஒரு பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டப்போற பொடவ. வாணாம்" என்று அக்கா தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே அந்த வீட்டில் தறிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. நான் பல் விளக்கும்போது கேட்கும், வேலை முடிந்து வரும்போதும் கேட்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓட்டுவதற்கு, நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் கடைசிப் புடவை அறுபட்டது. அரக்குச் சிவப்பில் மாம்பழக் கரை. அண்ணனின் கண்ணும் அதே சிவப்பில் இருந்தது.

புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அடுத்த பாவு ரெடியா கீது, கையோட எடுத்துக்கினு போ" என்றார் முதலாளி. வண்டி பஞ்சர் என்று சொல்லி, பாவை மறுநாளைக்குத் தள்ளினேன். பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்கிறவன்தான் நான். அன்று சொன்னேன். பஞ்சரான அதே வண்டியில் போய், நல்ல கொடுவா மீனாக ஒன்று வாங்கிவந்தேன்.

அத்தை அன்று அடுப்படியை விட்டு நகரவில்லை. "இந்த வாட்டி நானும் ஒரு கை போடறேன் அண்ணி" என்று மசாலாவைத் தானே அரைத்தார். அக்கா அதை மீனில் தடவி அடுக்கினார். மூடி ஏறியதும் அத்தை முக்காலியைப் போட்டு அடுப்புக்குக் காவல் உட்கார்ந்துகொண்டார். "யாராச்சும் மூடியத் தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்றார். புளி கரைத்து ஊற்றியவரே அதைச் சொன்னதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். மூடியை எடுத்ததும் ஆவி கிளம்பி, பூண்டும் எலுமிச்சையும் மணத்தது. மீன் கொஞ்சமும் உடையவில்லை. அக்கா வழக்கம்போல வயிற்றுத் துண்டை ரொட்டியால் நகர்த்தி மகளின் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் முதல் வாய் போட்டேன். எனக்குத் திக்கென்றது. அண்ணனைப் பார்த்தேன். அவரும் மென்றபடி என்னைப் பார்த்தார். கண்ணாலேயே, பேசாதே என்றார். இரண்டு பேரும் விழுங்கினோம்.

ஸ்டெல்லா மென்றாள். நிறுத்தினாள்.

"இன்னா இது, உப்பே இல்ல?"

அக்கா நிமிர்ந்தார். அத்தை பக்கம் திரும்பினார். "நீ அரைக்கறப்ப போட்டிருப்பேன்னு இருந்தேன்."

"அய்யய்யோ! நீ தடவறப்ப போடுவேன்னு நான் வுட்டுட்டேன் அண்ணி!"

"சூப்பரு," என்றாள் ஸ்டெல்லா. "ரெண்டு பேரு சேந்து சமைச்சி ஒருத்தர் கூட உப்பு போடல. நாளையிலேர்ந்து ஆஸ்டல்ல எப்பிடியும் இந்தக் கதிதான். இன்னிக்காச்சும் ஒரு வா தின்னு பாத்து எறக்கக் கூடாதாம்மா நீ?"

சொல்லிக்கொண்டே சட்டியின் குறுக்கே கையை நீட்டினாள். அக்காவின் பக்கத்தில் இருந்த உப்பு எலுமிச்சைத் தோலை எடுத்து, தன் மீனில் வைத்துப் பிசைந்து, வாயில் போட்டுக்கொண்டாள்.

யாரையும் எதையும் கேட்காத அந்த அக்கா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அவர் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"இன்னும் இன்னா பத்தல? சொல்லு" என்றார்.

"காரமும் பத்தல."

"அப்பறம்?"

"கேரட்டு அடியில கருகிகீது."

"ம். அப்பறம்?"

"கொத்தமல்லித் தண்டு பல்லுல மாட்டுது. பொடிசா அரைக்கணும்."

"அது நானு!" என்றார் அத்தை.

"யாரா இருந்தா இன்னா, மாட்டுதே."

அக்கா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அண்ணன் எழுந்து போய் உப்புச் சாடியை எடுத்துவந்து நடுவில் வைத்தார், யாரும் அதைத் தொடவில்லை. சட்டி காலியான பிறகு நான் ஸ்டெல்லாவின் பக்கத்தைப் பார்த்தேன். முள் வெள்ளை வெளேரென்று இருந்தது.